பெட்ரோலில் போகாத கறை

சலவைக் கடையில் கறை எடுப்பவளுக்கு ‘ஒருசொட்டு அக்கா’ என்று பெயர். யார் எந்தக் கறையைக் காட்டி என்ன சொன்னாலும் நம்பமாட்டாள். “ஒரு சொட்டு விட்டுப் பார்ப்போம்” என்பாள். இனம் இனத்தோடுதான் சேரும்: எண்ணெய்ப் பிசுக்கு பெட்ரோலில் கரையும், பெயிண்ட் தின்னரில் விடும், சர்க்கரைப் பாகு தண்ணீருக்கு மசியும். மனுஷன் ஆயிரம் பொய் சொல்லட்டும், கறைக்குப் பொய் சொல்லத் தெரியாது. முப்பது வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லியே கூட வேலை செய்பவர்களின் உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள்.

வழக்கமாக மகள்தான் துணி கொண்டுவருவாள். அன்று மாப்பிள்ளை வந்தான். வெள்ளைச் சட்டை ஒன்றை நீட்டினான், அதன் முன்கையில் பழுப்புக் கறை.

“சமைக்கும்போது எண்ணெய் கொட்டிடுச்சு அத்தை.”

“யாரு சமைச்சா?”

“அவதான்.”

அவள் சமைத்தால் இவன் கைக்கு எப்படி வந்தது? அக்கா சட்டையை வாங்கி வைத்துக்கொண்டாள். அவன் போனதும் கறை மேல் பெட்ரோல் ஒரு சொட்டு விட்டாள். கறை அசையவே இல்லை. தின்னருக்கும் அப்படியே. கடைசியில் பச்சைத் தண்ணீர் விட்டாள். ஓரம் கலங்கி, மெல்லச் சிவந்து இறங்கியது.

இது ரத்தம். அவன் கையிலோ ஒரு கீறல்கூட இல்லை.

மகளுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதற்குள் அவள் விரல்கள் தம் பாட்டுக்கு உப்பைத் தூவி, தேய்த்து, அலசிவிட்டன. தொழில் பழக்கம் சும்மா விடுமா? குனிந்து பார்த்தபோது சட்டை பளிச்சென்று இருந்தது. சாட்சியைத் தன் கையாலேயே கழுவிவிட்டிருந்தாள்.

தலையில் அடித்துக்கொண்டாள். இனி யாரிடம் எதைக் காட்டுவது? “கிழவிக்கு எப்பவும் சந்தேகம்தான்” என்று மாப்பிள்ளை சிரிப்பான், ஊரும் கூடச் சேர்ந்து சிரிக்கும். ஒருவேளை சிரிப்பதுதான் சரியோ என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் கால் நிற்கவில்லை. ஈரச் சட்டையைச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

மகள் கதவைப் பாதிதான் திறந்தாள். பாதி முகம்தான் தெரிந்தது.

அம்மா வழியெல்லாம் கேள்விகளை அடுக்கி வைத்திருந்தாள். மகள்தான் முந்திக்கொண்டாள்.

“தடுக்கி விழுந்துட்டேம்மா.”

“சரி” என்றாள் யாரையும் நம்பாத அந்த அம்மா. “துணிமணியை எடுத்து வை. நம்ம வீட்டுக்குப் போலாம்.”