பாதி அவரு, பாதி வானம்

“மாஸ்க் போட்டாத்தான்க்கா ஆளைத் தனியா எடுக்க முடியும்” என்று டாக்டரம்மா சொன்னதும், இலுப்பூர் அக்கா சட்டென்று முந்தானையை இழுத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டார். கொரோனா ஓய்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மாஸ்க் என்ற சொல்லைக் கேட்டாலே கை தானாக மூக்குக்குப் போகிற காலம். டாக்டரம்மாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியிலிருந்து விழாத குறையாகச் சிரித்தார். “ஒங்களுக்கு இல்லக்கா, வீடியோவுல இருக்கிற அண்ணனுக்கு!” என்றார். ஆளைச் சுற்றிக் கோடு போட்டு மற்றதை மறைப்பதற்கு எங்கள் தொழிலில் மாஸ்க் என்று பெயர். அக்காவும் சிரித்துவிட்டு, “அவருக்கு எதுக்குத்தா இனிமே மாஸ்க்கு?” என்றார். அக்காவின் கணவர் வளைகுடாவில் வேலை பார்த்த இடத்திலேயே நெஞ்சுவலி வந்து இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

திருமயம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் என் ஸ்டுடியோ. கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று எத்தனையோ வருடமாக வீடியோ எடுத்து, நானே எடிட்டும் செய்கிறேன். யாரிடமும் போய்ப் படித்ததில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டதுதான். டாக்டரம்மாவுக்கு வல்லத்திராக்கோட்டைப் பக்கம். அப்பாவும் அம்மாவும் இன்றைக்கும் வயலில் நிற்கிறவர்கள். இவர் கம்ப்யூட்டர் படித்து, அதற்கு மேலும் படித்து, படங்களையும் வீடியோக்களையும் மனிதன் கைபட்டுத் திருத்துவது எப்படி என்று ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். பெங்களூரில் வேலை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆனபோது ஊருக்கு வந்தவர், தான் செய்திருக்கிற மென்பொருளைத் தினமும் எடிட் செய்து பிழைக்கிற ஆட்களிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று என் மாடிப்படி ஏறினார். மூன்று மாதம் வந்துபோனார். டாக்டர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுக் கீழே பேக்கரி வைத்திருப்பவர் முழங்கால் வலியோடு நொண்டிக்கொண்டு மேலே வந்துவிட்டார். “நான் படத்துக்குத்தான்ணே டாக்டர்” என்று இவர் சொல்ல, “அப்ப எக்ஸ்ரே படத்தைக் கொண்டாரவா?” என்று அவர் கேட்டார். அன்றைக்கு வைத்த பெயர்தான் டாக்டரம்மா.

முதல் பத்து நாள் அவர் ஒன்றுமே செய்யவில்லை. எனக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, நான் வேலை செய்வதைப் பார்த்தார். திரையைப் பார்த்ததைவிட என் மணிக்கட்டைப் பார்த்ததுதான் அதிகம். வீடியோவிலிருந்து ஓர் ஆளை மட்டும் தனியாக வெட்டி எடுப்பது என்றால் அப்போது எங்களுக்கு உயிர் போகிற வேலை. ஒரு வினாடிக்கு இருபத்தைந்து படம். ஒவ்வொரு படத்திலும் ஆளைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகக் கோடு போட்டு வர வேண்டும். வேட்டி, சட்டை எல்லாம் வந்துவிடும். தலைமுடியிடம் போனால்தான் தெரியும். வெட்டி முடித்துப் பார்த்தால், தலையில் சட்டியைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். ஒருநாள் டாக்டரம்மா சொன்னார்: “அண்ணே, முடிகிட்ட வந்தா நீங்க மூச்சைப் பிடிச்சுக்கிறீங்க.” இத்தனை வருடத்தில் அது எனக்கே தெரியாது.

பிறகு அவரே சொன்னார்: “முடி ஓரத்துல ஒரு புள்ளி இருக்கு பாருங்க, அது முழுசா அவரும் இல்ல, முழுசா வானமும் இல்ல. பாதி அவரு, பாதி வானம். கத்திரிக்கோலு வச்சு வெட்டுனா யாராவது ஒருத்தருக்கு நட்டம். ஒவ்வொரு புள்ளியிலயும் எத்தனை பங்கு அவரு, எத்தனை பங்கு வானம்னு கண்டுபிடிக்கிறதுதான் என் பாடு.” இதைச் சொல்லிவிட்டு அவர் டீயைக் குடித்தார். அன்று சாயங்காலம் பால்கனியில் நின்று பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். காரைக்குடி பஸ்ஸுக்கு நிற்கிற ஒவ்வொரு தலையின் ஓரத்திலும் வெளிச்சம் பூஞ்சையாக ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கே ஆள் முடிகிறார், எங்கே வானம் ஆரம்பிக்கிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை. இத்தனை காலம் நான் பார்த்துக்கொண்டிருந்தது என்ன என்று இருந்தது.

மறுநாள் மென்பொருளைத் திறந்து காட்டினார். ஒரு மாப்பிள்ளை நடந்து வருகிற காட்சி. மாப்பிள்ளையின் மேல், திரையில் எழுதுகிற பேனாவால் ஒரு பச்சைக் கோடு, பிள்ளை கிறுக்கின மாதிரி. அவருக்கு வெளியே ஒரு சிவப்புக் கோடு. அவ்வளவுதான். பச்சை, வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டதுபோலப் பரவித் தோளில் ஏறி, மாலையைச் சுற்றிக்கொண்டு, காதோரத்து முடி வரைக்கும் போய் நின்றது. அடுத்த படத்துக்குப் போனது, அதற்கடுத்த படத்துக்குப் போனது. ஒவ்வொரு புள்ளியும் ‘இப்போது நான் எங்கே இருக்கிறேன்’ என்று தன்னைத் தானே தேடிக்கொண்டு போவதுபோல இருந்தது. ஓர் இடத்தில் மட்டும் அது மஞ்சளாகி நின்றது. “ஏம்மா நின்னுருச்சு?” என்றேன். “நிக்கலண்ணே, கேக்குது. இந்தத் துணி மாப்பிள்ளையோடதா, பின்னால நிக்கிறவரோடதான்னு அதுக்குத் தெரியல. தெரியாததைத் தெரியலைன்னு சொல்ல வைக்கத்தான் எனக்கு நாலு வருசம் ஆச்சு.” இப்போது போனிலேயே படத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் ஆள் தனியாகக் கழன்று வந்துவிடுகிறார். நன்றாகவே வருகிறார். ஆனால் ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த மஞ்சள் ஞாபகத்துக்கு வரும்.

இலுப்பூர் அக்கா வந்தது அந்தச் சமயத்தில்தான். மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். இறந்த அப்பாவின் போட்டோவை மணமக்களுக்கு மேலே மேகத்தில் மிதக்கவிட்டு ஆல்பம் போடுவது எங்கள் தொழிலில் வழக்கம். அக்கா அதை வேண்டாம் என்றார். “மேகத்துல எல்லாம் வேணாம் தம்பி. அவரு நடந்து வரணும்” என்றார். கையில் ஒரு சிடி. ஒரு சொந்தக்காரர் வீட்டுக் குடிபுகும் விழா. அதில் பதினோரு வினாடி அவர் கணவர் வருகிறார். சாம்பார் அண்டாவின் ஒரு பக்கத்து வளையத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நடக்கிறார். அவர் நடமாடுகிற படம் என்று உலகத்தில் இருப்பது அந்தப் பதினோரு வினாடிதான். “செத்தவரு வந்தாருன்னா பொய்யின்னு எனக்குத் தெரியாதா? நடை பொய் இல்லையே” என்றார் அக்கா. இந்த வார்த்தையை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

முந்தானையால் மூக்கை மூடியது அன்றைக்குத்தான். அடுத்த தப்பு என்னுடையது. எங்களுக்காகப் பொத்தான்களில் ‘முன்னணி’, ‘பின்னணி’ என்று டாக்டரம்மா தமிழில் போட்டு வைத்திருந்தார். “இந்தப் பின்னணியை எடுத்துரலாம்லண்ணே?” என்று அவர் கேட்டதும், நான், “எடுத்தா ஒண்ணுமே இருக்காதும்மா. அடியில சத்தம் கெடையாது. பாட்டு நான் போட்டது” என்றேன். வீடியோக்காரனுக்குப் பின்னணி என்றால் பாட்டுதான். அவர் கேட்டதோ ஆளுக்குப் பின்னால் இருக்கிற சுவரையும் பந்தலையும். ஆனால் வாயை விட்டது விட்டதுதான். அக்கா என்னைப் பார்த்தார். “அப்ப அவரு கொரலு?” என்று கேட்டார்.

அந்த வீடியோவை எடுத்தவன் நானேதான். அந்தக் காலத்தில் ஆட்கள் பேசுவது, பாத்திரச் சத்தம், பிள்ளை அழுவது எல்லாம் எங்களுக்குக் குப்பை. மொத்தமாக அழித்துவிட்டு மேலே சினிமாப் பாட்டைப் போடுவோம். அதைத்தான் ஜனங்களும் கேட்டார்கள். அசல் கேசட்டிலும் அடுத்த கல்யாணத்தைப் பதிந்துவிடுவோம். டாக்டரம்மாதான் பேச்சை மாற்றினார். “அண்ணன் இங்கிட்டு வரணும், சொவரு அங்கிட்டுப் போகணும். சரியாக்கா?” என்றார். “இப்படிச் சொன்னா எனக்குப் புரியுதுல்ல” என்றார் அக்கா. அன்றைக்கே இரண்டு பொத்தான்களின் பெயரும் மாறியது. பச்சைக்கு ‘இங்கிட்டு’, சிவப்புக்கு ‘அங்கிட்டு’. பேனாவை டாக்டரம்மா அக்கா கையிலேயே கொடுத்துவிட்டார்.

அண்டாவின் மறுபக்கத்தைப் பிடித்திருந்தவர் கணவரின் அண்ணன். அக்காவுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வரப்புத் தகராறு. வரப்பை ஒரு முழம் தள்ளிப் போட்டுவிட்டார் என்பது அக்காவின் கட்சி. மழையில் கரைந்ததைச் சரி செய்தேன் என்பது அவர் கட்சி. திருச்சி விமானநிலையத்தில் உடலை வாங்கி வந்தவர் அவர்தான். அப்போதும் அக்கா பேசவில்லை. “அவரை அங்கிட்டுத் தள்ளிருத்தா” என்று சொல்லி அக்கா பேனாவால் ஒரு சிவப்புக் கோடு இழுத்தார், அழுத்தமாக.

இரண்டு நாள் வேலை. மற்ற இடங்களில் வந்த மஞ்சளை டாக்டரம்மா பச்சை அடித்தே தீர்த்துவிட்டார். வளையத்துக்குப் பக்கத்தில் மட்டும் திரும்பத் திரும்ப மஞ்சள். அண்டாவைப் பச்சையாக்கினால் கணவருடைய அண்ணனின் கையும் கூடவே வருகிறது. கையைத் தள்ளினால் அண்டா பாதியில் கிழிகிறது. “இந்தக் கை யாரு கைன்னு கேக்குதுக்கா” என்பார் டாக்டரம்மா. “அங்கிட்டு, அங்கிட்டு” என்று அக்கா கோடு போடுவார். கடைசியில் அண்டாவின் மறுபாதியைப் படத்தின் ஓரத்துக்கு வெளியே தள்ளி, கணவர் மட்டும் தெரிகிற மாதிரி டாக்டரம்மா கொண்டுவந்துவிட்டார். முடி ஓரத்தில் ஒரு பிசிறு இல்லை. ஓடவிட்டோம். அவர் நடந்து வந்தார். நடுவில் தலையைத் திருப்பி, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

யாரும் இல்லாத பக்கத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“இன்னொரு தடவை போடு தம்பி” என்றார் அக்கா. போட்டேன். நாலு தடவை போட்டேன். “ஒத்தை ஆளா சிரிச்சுக்கிட்டு வாராரே. பாக்குறவங்க கிறுக்குன்னு சொல்ல மாட்டாங்களா?” என்றவர், பிறகு, “கூடப் பிடிச்சவரு என்னா சொன்னாருன்னு இப்படிச் சிரிக்கிறாரு?” என்று கேட்டார். அதற்குப் பதில் தெரிந்த ஆள் உயிரோடு ஒருவர்தான். பாட்டைப் போட்டு அந்தப் பேச்சை அழித்த நான் அங்கே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அக்கா பையை எடுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டார். டாக்டரம்மா திரையைப் பார்த்தபடியே சொன்னார்: “அவரு சிரிப்புல பாதி அங்கிட்டு நிக்கிதுண்ணே. அதுக்கு நான் கணக்கே போடல.”

மூன்று நாள் கழித்து அக்கா வந்தார். “போயி அவரு அண்ணன் வீட்டு வாசல்ல நின்னேன். அன்னைக்கு அண்டா தூக்கையில அவருகிட்ட என்னா சொன்னீங்கன்னு கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சாரு. ஞாபகம் இல்லத்தான்னுட்டாரு” என்றார். “கல்யாணத்துக்குச் சொன்னீங்களா?” என்றேன். “கேக்கப் போன வாயி, அதையும் சொல்லிட்டு வந்துச்சு.” பேனாவைத் தேடி எடுத்தவர், டாக்டரம்மாவிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “ரெண்டு பேரும் இங்கிட்டே இருக்கட்டும்த்தா.”

கல்யாணத்துக்கு முதல் நாள், அலங்காரம் முடிந்த மண்டபத்தின் வெறும் வாசலைப் படம் பிடித்தேன். அண்ணன் தம்பி இருவரையும் டாக்டரம்மா அந்த வாசலில் நடக்கவிட்டார். “நெழல் விழலைன்னா ஆளு மெதப்பாருண்ணே” என்று சொல்லி, அண்டாவுக்கும் சேர்த்து நிழல் வரைந்து சாய்த்தார். முகூர்த்தம் முடிந்ததும் பெரிய திரையில் போட்டோம். மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிற ஜனங்கள், அதே மண்டபத்து வாசல் வழியாக அவர் அண்டா தூக்கிக்கொண்டு உள்ளே வருவதைப் பார்த்தார்கள். பந்திக்கு எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள். மகள் மாலையும் கழுத்துமாக எழுந்து நின்றுவிட்டாள். கணவரின் அண்ணன் தூணுக்குப் பக்கத்தில் நின்று, அன்றைய கறுத்த முடியோடு தான் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் தம்பி திரும்பிச் சிரித்த அந்த நொடியில், இவர் வாய் தானாகத் திறந்தது.

“டேய், வேட்டி அவுருதுடா!”

சத்தமாகவே சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. “அதுதாந்த்தா சொன்னேன்” என்று அக்காவைப் பார்த்துக் கத்தினார். “ரெண்டு கையும் அண்டாவுல. வேட்டி அவுருதுடான்னேன்.” அக்கா சிரித்தார். மகள் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, அடக்க முடியாமல் சிரித்தார். “இன்னொரு வாட்டி போடுங்க” என்று யாரோ குரல் கொடுத்தார்கள். போட்டேன். அப்போதுதான் எல்லோருக்கும் கண்ணில் பட்டது. சிரித்துக்கொண்டே அவர் இடது முழங்கையை இடுப்போடு அழுத்திக்கொள்கிறார், நழுவுகிற வேட்டியைப் பிடித்து நிறுத்த. நூறு தடவைக்கு மேல் பார்த்திருப்போம், நானும் டாக்டரம்மாவும்.

திரும்பினேன். டாக்டரம்மா கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அந்த முழங்கைகிட்ட மஞ்சளா நின்னு கேட்டுச்சுண்ணே” என்றார். “நான்தான் பிசிறுன்னு நெனச்சு, பச்சைய அடிச்சு அது வாயை மூடிட்டேன்.”