கடைத்தெருவின் சராசரி

நூற்று முப்பத்தெட்டு. செஞ்சி கடைத்தெருவில் பித்தளைப் பாத்திரக் கடை நடத்தும் ஞானம்பாளின் சராசரி சர்க்கரை அளவு என்று கைபேசி சொன்ன எண் அது. உண்மையில் அந்த எண் அவளுடையது அல்ல. யாருடையதும் அல்ல.

அவளுக்கு வயது ஐம்பத்தாறு. கடை, அவள் நைனா என்று கூப்பிட்ட அப்பா வைத்தது. அவருக்கும் சர்க்கரை. கடைசிக் காலத்தில் இதே கல்லாவில்தான் ஒற்றைக் காலோடு உட்கார்ந்திருந்தார். வெட்டிய தொடைக்கு மேல் வேட்டியை மடித்துச் செருகியிருப்பார். வருகிறவர்கள் குடத்தைப் பார்க்கிற சாக்கில் அதைப் பார்ப்பார்கள். ஞானம்பாளுக்கு உலகத்தில் ஒரே பயம் அதுதான்.

மாசி மாதம் டாக்டர் சொன்னார்: "இனிமே மாத்திர தாங்காதும்மா. இன்சுலின் ஆரம்பிச்சிடலாம்."

நைனாவுக்கும் முதலில் ஊசி வந்தது, பிறகு கால் போனது. காலைக் கொண்டுபோனது ஊசிதான் என்பது அவள் நம்பிக்கை.

"மூணு மாசம் டயம் குடுங்க சார். கொறச்சிக் காட்டுறேன்."

சென்னையில் வேலை பார்க்கும் மகள் வித்யாஸ்ரீ, சர்க்கரை பார்க்கும் கருவி ஒன்றை வாங்கிக் கொடுத்து, கைபேசியில் ஒரு செயலியையும் போட்டுவிட்டாள். கருவியில் ரத்தம் பட்டால் எண் தானாகவே செயலிக்குப் போய்விடும். கேட்டால் தமிழில் பதில் சொல்லும். "சரிங்க, குறித்துக்கொண்டேன்" என்று அது பேசிய பணிவில் ஞானம்பாள் முதல் நாளே மயங்கிவிட்டாள்.

கடையில் இருக்கும் பொருளைக் கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. ஏணி போகும், தராசு போகும், குடை போகும். கருவியும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. முதலில் எதிரே பூ விற்கும் பவுனம்மாள் விரலை நீட்டினாள்.

"எனக்கும் ஒரு குத்து குத்திப் பாருக்கா."

தொண்ணூற்றிரண்டு.

டீக்கடை துரைக்கண்ணு சிரித்தார். "இதுக்கு இன்னாத்துக்கு சக்கர வரப்போவுது? பேசியே கரைச்சிடுமே."

"உன் டீயக் குடிச்சா வரும்யா. நீ குடு விரல!" என்றாள் பவுனம்மாள்.

ஆளுக்கு ஒரு புது ஊசி. அதில் ஞானம்பாள் சுத்தம். காலையில் அவள் எண் இருநூற்று எழுபது என்று வரும். கடை திறந்ததும் தெருவே வந்து அதைத் தொண்ணூறு, நூற்றைந்து என்று இழுத்துக் கீழே இறக்கும். செயலிக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஞானம்பாள்.

"ஏற்ற இறக்கம் இருந்தாலும் உங்கள் சராசரி நன்றாகக் குறைந்துவருகிறது."

"அப்ப ஊசி வேணாம்தானே?"

"தற்போதைய சராசரி நல்ல நிலையில் உள்ளது. முடிவெடுக்கும் முன் உங்கள் மருத்துவரைப் பாருங்கள்."

முதல் வாக்கியத்தோடு அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். மூன்று மாதம் முடிந்தது. அவள் டாக்டரிடம் போகவில்லை.

கடைக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. லட்சுமி இருக்கிற இடம். வைகாசியில் ஒரு முகூர்த்த நாள் கூட்டத்தில், தரையில் கிடந்த பித்தளைச் சில்லு ஒன்று அவள் வலது காலில் ஏறியது. அவளுக்குத் தெரியவில்லை. இரவு கால் கழுவும்போதுதான் பெருவிரலுக்குக் கீழே கறுப்பாய் ஒரு பொட்டைப் பார்த்தாள். நகவெட்டியால் சில்லைப் பிடுங்கினாள். அப்போதும் வலி இல்லை.

"கால்ல சின்னதா ஒரு புண்ணு," என்று கைபேசியிடம் சொன்னாள்.

"வலி இருக்கிறதா?"

"இல்ல."

"காய்ச்சல்?"

"அதுவும் இல்ல."

"உங்கள் சர்க்கரை கட்டுக்குள் இருப்பதால் பெரும்பாலும் விரைவில் ஆறிவிடும். சுத்தமாக வைத்திருங்கள். ஆறாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்."

மஞ்சளைக் குழைத்து அப்பினாள். மேலே காய்ந்து பொருக்குத் தட்டியது. ஆறிவிட்டது என்று கணவர் இராமச்சந்திரனிடமும் சொன்னாள்.

பிறகு ஒரு நாள் பூச்சரத்தோடு உள்ளே வந்த பவுனம்மாள் வாசலிலேயே நின்றாள்.

"இன்னாக்கா, யாரு ஈரக் காலோட நடந்தது?"

கல்லாவிலிருந்து குடங்கள் அடுக்கிய மூலை வரைக்கும் தடம் போயிருந்தது. எல்லாம் வலது கால். ஞானம்பாள் கையில் இருந்த துணியால் துடைத்தாள். துணி நாறியது. அவள் திரும்பி நடந்த இடத்தில் மறுபடியும் தடம் விழுந்தது.

"உக்காருக்கா," என்றாள் பவுனம்மாள். அவள் குரலில் வழக்கமான கிண்டல் இல்லை. "நடக்காத. அப்படியே உக்காரு."

டாக்டர், காலில் சுற்றியிருந்த துணிக்கட்டுக்குள் இருப்பதை முகர்ந்து பார்த்தே புரிந்துகொண்டார். ஞானம்பாள் கைபேசியை நீட்டினாள். அவர் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"பத்து மணிக்கு முந்நூத்திப் பதினொண்ணு. பத்தரைக்குத் தொண்ணூத்தி ரெண்டு. ஒரே ஆள் ஒடம்பாம்மா இது?"

"எங்க கடைத்தெருவே அதுலதான் சார் இருக்குது."

இராமச்சந்திரன் மனைவியைப் பார்த்தார். அவள் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் இடுக்கியின் முனையைப் புண்ணுக்குள் விட்டார். எலும்பில் தட்டும் சத்தம் அறையில் இருந்த மூவருக்கும் கேட்டது.

"வலிக்குதா?"

"இல்ல சார்," என்றாள். முதல் முறையாக அதைச் சொல்ல அவளுக்குப் பயமாக இருந்தது.

அன்று மாலையே இன்சுலின் ஆரம்பித்தார்கள். திங்கட்கிழமை காலை விழுப்புரத்தில் வலது காலின் மூன்று விரல்களை எடுக்கிறார்கள். அதற்கு மேலும் எடுக்க வேண்டுமா என்பதை அறுத்துப் பார்த்த பிறகுதான் சொல்வார்கள்.