வாசலில் ஒரு பானைத் தண்ணீர்

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். மல்லசமுத்திரத்துப் பக்கம் எங்களுக்குச் சோளக்காடு. முந்தின கோடையில் வெள்ளைக் கழிச்சல் வந்து என் கோழிகளை வாரிக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது, பிறந்த வீட்டிலிருந்து நான் கொண்டுவந்த சாம்பல் நிறப் பெட்டை ஒன்றுதான். அதை வைத்துத்தான் மறுபடி ஒரு மந்தை சேர்த்தேன்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. கோழி தலையைத் தொங்கப்போட்டால், சாவதற்குள் அறுத்துக் குழம்பு வைத்து உறவுக்காரர் வீட்டுக்கெல்லாம் கொடுத்தனுப்புவார்கள். தின்ற எலும்பு குப்பைமேட்டுக்குப் போகும். அங்கே கிளறுவது நம் வீட்டுக் கோழி. போன தடவை இப்படித்தான் என் மந்தை போனது. கண்ணால் பார்த்தேன், சொன்னால்தான் யாரும் நம்பவில்லை.

அடுத்த கோடையில் நோய் பக்கத்துத் தெருவுக்கு வந்ததுமே கோழிகளை மூங்கில் கொடாப்புக் கூடைக்குள் அடைத்துவிட்டேன். வாசலில் ஒரு பானைத் தண்ணீர் வைத்தேன். குப்பைமேட்டை மிதித்த காலோடு நோயும் வரும் என்று, யார் வந்தாலும் காலைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். என் வீட்டுக்காரரும்தான்.

"கோழிக்கு மாலை போட்டுக் கும்புடறதுதான் பாக்கி" என்றார் அவர். அதையும் செய்வேன் என்றேன்.

மூன்றாவது வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்த அவருடைய அக்கா, என் நங்கை, ஒருநாள் குழம்புச் சட்டியோடு வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க நங்கை. கொழம்பு வேண்டாமுங்க. காலைக் கழுவிட்டு உள்ள வாங்க."

"என்ற தம்பி ஊட்டுக்கு வாரதுக்கு நான் காலைக் கழுவோணுமா? நான் என்ன தீட்டுப்பட்டவளா?"

சட்டியோடு திரும்பிப் போனவர் அதன்பின் என் முகத்தைப் பார்க்கவில்லை. கிணற்றடியில் கண்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார். எனக்கு வலித்தது. பிரசவத்தில் என்னைப் பார்த்துக்கொண்டவர் அவர். அதற்காகப் பானையை எடுத்துவிட முடியுமா?

கோடை முடிவதற்குள் தெருவில் சேவல் சத்தமே அற்றுப்போனது. என் வீட்டுச் சேவல் மட்டும் கூவியது. எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

மழை பெய்து நோய் அடங்கிய பிறகும் பானை அங்கேயே இருந்தது. ஒரு மத்தியானம் நங்கை வந்தார். சொம்பில் தண்ணீர் மொண்டு, குதிகால்வரை தேய்த்துக் கழுவினார்.

"போதுமா அம்மிணி, இன்னும் ஊத்தோணுமா?"

"உள்ள வாங்க நங்கை."

"என்ற கொடாப்பு சும்மா கெடக்குது."

சாம்பல் பெட்டையின் குஞ்சுகளில் வளர்ந்த இரண்டு விடைக்கோழிகளைப் பிடித்துக் கொடுத்தேன். அன்று அவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். எனக்கு வயிறு குளிர்ந்தது.

கோழிகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்க அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் ஒரு பானை. நங்கை கையை நீட்டி மறித்தார்.

"காலைக் கழுவிட்டு வா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கழுவிவிட்டுத்தான் போனேன்.