அண்ணன் பூட்டிவிட்டுத்தான் கை வைத்தார்

அண்ணன் நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறையப் போகிறது. நினைவு நாளுக்கு முன்பாகவே இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வர வேண்டும் என்று நாங்கள் நினைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அண்ணனின் இறப்பைப் பற்றியும், அவருடன் வேலை பார்த்த ஒருவரைப் பற்றியும் நம் உறவில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. அது உண்மையல்ல. நினைவு நாளில் நாம் ஒன்றாக உட்காருவதற்கு முன் அதைச் சொல்லிவிட வேண்டும். வரிசையாக எழுதுகிறேன். வரிசையாக எழுதினால்தான் என்னால் எழுத முடிகிறது.

அண்ணன் விழுப்புரம் மாவட்டத்து வல்லத்தை அடுத்த எங்கள் ஊரில், மல்லாட்டைக் கடலை பிடுங்கும் பருவத்தில் பிறந்தார். அப்பா காலமானபோது அவர் திண்டிவனத்தில் ஐ.டி.ஐ. ஃபிட்டர் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தார். நான் பள்ளிச் சிறுமி. அந்த மாதமே திண்டிவனம் பக்கத்தில் ஒரு புழுங்கல் அரிசி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். நிலத்தை விற்கவில்லை. விழுப்புரத்தில் என்னைப் பாலிடெக்னிக் படிக்க வைத்தார். அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை முடிந்த பிறகே தன் திருமணத்துக்கு ஒப்புக்கொண்டார். அண்ணியையும் மகளையும் அவர் எப்படி வைத்திருந்தார் என்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள்.

அவர் பொய் சொல்லி நான் பார்த்தது தாயம் ஆடும்போது மட்டும்தான். எந்தப் பொருளையும் தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்து நல்லதா கெட்டதா என்று சொல்வது அவர் வழக்கம். ஒருமுறை விக்கிரவாண்டியில் சாலையோரக் கடையில் பலாப்பழத்தை ஸ்பேனரால் தட்டினார்.

“யோவ், அது இன்னா இஞ்சினா? கைய எடு” என்று கடைக்காரர் சத்தம் போட்டார்.

“இதுல பேரிங் போயிடுச்சிங்க. வேற பழம் குடுங்க” என்றார் அண்ணன். கடைக்காரரே சிரித்துவிட்டார்.

படிப்பு முடிந்து நான் சென்னைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மின் பராமரிப்பு வேலையில் சேர்ந்தேன். இயந்திரத்துக்குள் கை வைக்கும் முன் மின் இணைப்பை நிறுத்தி, அந்தச் சுவிட்சின் கைப்பிடியில் வேலை செய்பவரே தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்வது அங்கே கட்டாயம். இதைக் கேட்டதும் அண்ணன் தனக்கும் ஒரு பூட்டு வேண்டும் என்றார். சிவப்புப் பூட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதற்கு மாற்றுச் சாவி கிடையாது. வேலை முடியும்வரை சாவியை அவர் அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொள்வார்.

அந்த ஆலையில் சுவிட்ச் பேனலைப் பார்த்துக்கொள்பவர் ஏழுமலை. நமக்கு இரத்த உறவில்லை. ஆனாலும் அண்ணன் அவரை மாமா என்றே அழைத்தார். நானும் அப்படியே.

“இன்னா மாப்ள, உங்கூட்டு நகையெல்லாம் பேனல்ல வச்சிப் பூட்டிக்கினு கீறியா?” என்று மாமா கேலி செய்வாராம்.

“தங்கச்சி குடுத்தது மாமா. பூட்டலன்னா போன் போட்டுத் திட்டும்.”

“தங்கச்சிக்குப் பயந்து பொழைக்கிற ஆம்பள நீ ஒருத்தன்தான்யா.”

கேலிதான். ஆனால் அந்தப் பூட்டு தொங்கும்போது மாமா வேறு யாரையும் பேனல் பக்கம் விட்டதில்லை.

அந்தக் காலையில், ஊறிய நெல்லை வாளிகள் கோத்த பெல்ட்டால் மேலே ஏற்றும் எலிவேட்டர் அடியில் நெல் அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. அண்ணன் பேனலில் கைப்பிடியை இறக்கிப் பூட்டினார். ஸ்டார்ட் பட்டனையும் அழுத்திப் பார்த்தார். மோட்டார் அசையவில்லை. பிறகு அடிக்கதவைத் திறந்து, அடைத்திருந்த நெல்லைக் கையால் வாரினார். கடைசி அடைப்பு கழன்றதும் பெல்ட் ஓடியது. அண்ணனின் கையைத் தோள்வரை உள்ளே இழுத்துவிட்டது. விழுப்புரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மாலைக்குள் அவர் நம்மிடம் இல்லை.

பெல்ட் ஓடும் சத்தம் கேட்டதும் ஆலையில் இருந்தவர்கள், “எவன்டா சுவிட்ச் போட்டது” என்று கத்தினார்கள். பேனல் அருகே நின்றவர் ஏழுமலை மாமா. அவ்வளவுதான் நடந்தது. அந்தக் கத்தல் அண்ணனின் உடல் ஊருக்கு வருவதற்குள் ஊர் வந்துவிட்டது. மறுநாள் பூமாலையோடு வந்த மாமாவைத் தெருமுனையிலேயே சித்தப்பா திருப்பி அனுப்பினார். சித்தப்பாவிடம் சொல்லிவிட்டே இதை எழுதுகிறேன். அன்று வீட்டில் எல்லோரும் அதையே நம்பினோம்.

காரியம் முடிந்த பிறகு ஆலை முதலாளி என்னைப் போனில் அழைத்தார். “பூட்டு இன்னும் பேனல்லதாம்மா தொங்குது. விசாரண முடிஞ்சிச்சி. ஒடைக்க மனசு வரல” என்றார். வேண்டாம், நான் வருகிறேன் என்றேன். மருத்துவமனையில் அண்ணியிடம் கொடுத்த பையில், அறுத்தெடுத்த அரைஞாண் கயிற்றோடு சாவி இருந்தது. எடுத்துக்கொண்டு போனேன். கைப்பிடி இறக்கியபடியே இருந்தது. பூட்டு அண்ணன் போட்டபடியே இருந்தது. சாவி போட்டு நானே திறந்தேன். அந்தப் பூட்டைத் திறக்காமல் யாராலும் மின்சாரம் கொடுத்திருக்க முடியாது.

மாமா ஆலைக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றிருந்தார். அன்றிலிருந்து உள்ளே போகவில்லையாம்.

“நான் தொடல பாப்பா. ஆனா எல்லாரும் சொல்லிக்கினே இருக்கறதுல, நான்தான் போட்டுட்டனோன்னு எனக்கே தோணுது. தூங்க முடியல” என்றார்.

சாவியைக் காட்டினேன். பூட்டைத் திறந்தது நான்தான் என்றேன். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். “ஆஸ்பத்திரிக்கு வண்டில போகச்சொல்ல அவன் பேசுனான் பாப்பா. உங்கம்மாவாண்ட சொல்லச் சொன்னான். எந்த மூஞ்ச வச்சிக்கினு வர்றது” என்றார். என்னவென்று நான் கேட்கவில்லை. அது எனக்குச் சொன்னதல்ல.

அப்படியானால் பெல்ட் எப்படி ஓடியது? கிணற்றில் நிறைந்த வாளியைப் பாதி தூரம் இழுத்துவிட்டுக் கயிற்றை விட்டால் ராட்டினம் தானாகச் சுற்றும். அதற்கு மின்சாரம் தேவையில்லை. எலிவேட்டரின் ஒரு பக்கத்து வாளிகள் எல்லாம் ஊறிய நெல்லோடு மேலே ஏறி நின்றன. மறுபக்கம் காலி. அடியில் இருந்த அடைப்புதான் அந்தப் பாரத்தைப் பிடித்திருந்தது. அண்ணன் அதை எடுத்ததும் பாரம் இறங்கியது, பெல்ட் பின்னோக்கி ஓடியது. அந்த ஆலையில் எல்லோருக்கும் பயம் கரண்டைக் கண்டுதான். ஏறி நின்ற நெல்லைக் கண்டு யாரும் பயந்ததில்லை.

நம் உறவில் அரிசி ஆலை, எண்ணெய் ஆலை, கரும்பு ஆலை என்று பலர் வேலை செய்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பூட்டுப் போடுங்கள், பட்டனை அழுத்திச் சோதியுங்கள். அதோடு நிற்காதீர்கள். மேலே தூக்கி நிற்பது எது, முறுக்கி இழுபட்டிருப்பது எது, குழாயில் காற்றோ நீராவியோ அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். இறக்க வேண்டியதை இறக்குங்கள். முடியாவிட்டால் முட்டுக் கொடுத்துக் கட்டுங்கள். அதுவரை கை உள்ளே போகக் கூடாது. இப்போது அந்த எலிவேட்டரில் பெல்ட் பின்னோக்கி ஓடாதபடி ஒரு தடுப்புப் பொருத்தியிருக்கிறார்கள். அதைப் போய்ப் பார்த்தேன். சின்னப் பொருள். பார்த்துவிட்டுப் பேருந்து நிலையம் வரை நடந்தே வந்தேன்.

இனி நன்றி சொல்ல வேண்டும். மருத்துவர்கள், செவிலியர்கள், வண்டி ஓட்டிய தம்பி, ஆலைத் தொழிலாளர்கள், துக்கத்தில் எங்களுக்குச் சமைத்துப் போட்ட தெரு மக்கள் என்று எழுதி, கடைசியில் ஏழுமலை மாமாவின் பெயரையும் சேர்த்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பெல்ட் ஓடிய விதத்தைக் கிணற்று வாளியை வைத்து அம்மாவுக்கு முன்பே விளக்கியிருந்தேன்.

“அவர ஏன் கடைசில வச்ச? ஆஸ்பத்திரி போய்ச் சேர்ற வரைக்கும் எம்புள்ள கைய வுடாம புடிச்சிக்கினு போனது அவருதானே. மொதல்ல எழுது” என்றார்.

ஆகவே எங்கள் முதல் நன்றி ஏழுமலை மாமாவுக்கு. மற்ற எல்லோருக்கும் அதற்கடுத்து, அதே அளவு நன்றி.

நினைவு நாளன்று மாமாவும் அத்தையும் வருகிறார்கள். தெருமுனைக்குப் போய் அவர்களை அழைத்து வருவது தன் பொறுப்பு என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். படையல் முடிந்ததும் அம்மாவும் மாமாவும் சிறிது நேரம் உள்ளறையில் உட்கார்ந்திருப்பார்கள். அண்ணன் சொல்லி அனுப்பியது ஓராண்டாக அம்மாவுக்கு வந்து சேரவில்லை. அவர்கள் வெளியே வரும்வரை பந்தி போட வேண்டாம்.