புனிதர் நாளில் வந்தவர்கள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். 2001 நவம்பர் 8, மாலை 4.40.

குரோஷியாவிலிருந்து, செர்பியர்கள் என்பதற்காக விரட்டப்பட்ட ஆறு வருடங்களில் அது எங்களுக்கு நான்காவது வீடு. பள்ளிக்கூடத் தரையிலும் அடுத்தவர் கொட்டகையிலும் படுத்துக் களைத்து, கடைசியில் செர்பியாவின் இந்தச் சமவெளி ஊரில் சொந்தமாக வாங்கியது. தெருவைக் கட்டியவர்கள் ஜெர்மன்காரர்கள். இரண்டாம் உலகப் போருக்குப்பின் அவர்களை அகற்றிவிட்டு, அவர்கள் இடத்தில் போஸ்னிய மலைக்காரர்களைக் குடியேற்றினார்கள். அவர்கள் பிள்ளைகள் நகரத்துக்குப் போக, நாங்கள் வந்தோம். எதிலும் அசையாமல் இருந்தவர்கள் பக்கத்து வீட்டுப் பிரோஷ்கா அக்கா போன்ற சில ஹங்கேரியர்கள்தான்.

"இனி என்னைக் கெளப்பாத, ஸ்டானா," என்றார் என் கணவர் கோய்கோ. "செத்தாலும் இங்கதான்."

அன்று எங்கள் குடும்பப் புனிதரின் நாள். மெழுகுவத்தி ஏற்றி, வேகவைத்த கோதுமையை மேசையில் வைத்திருந்தேன். இந்த நாளுக்கு எங்களில் யாரும் யாரையும் அழைப்பதில்லை. வருகிறவரை யாரென்று கேட்பதுமில்லை. கேட்டால் அவமதிப்பு.

அதனால்தான் கேட்கவில்லை.

மூவர் வந்தார்கள். வயதான ஓர் ஆள், அவர் மனைவி, வளர்ந்த மகள். அறை வாசலில் மூவரும் காலை உயரத் தூக்கி வைத்தார்கள், படியைத் தாண்டுவது போல. அங்கே படி கிடையாது.

சிலுவைக் குறியை, ஆர்த்தடாக்ஸ்காரர்களான எங்களுக்கு நேர்மாறாக, இடமிருந்து வலமாக இட்டார்கள்.

"கத்தோலிக்கங்க," என்று கோய்கோ முணுமுணுத்தார். "பிரோஷ்காவுக்குச் சொந்தமா இருக்கும். கோதுமைய நீட்டு."

ஆளுக்கொரு கரண்டி எடுத்தார்கள். சாப்பிடவில்லை. பத்து நிமிடம். டிக்... டிக்... கடிகாரம் மட்டும்.

பிறகு அந்த அம்மாள் கேட்டாள். "உங்கள எத்தன மூட்டை எடுக்க விட்டாங்க?"

அவர்களும் அகதிகள் என்று நினைத்தேன். "ஒரு டிராக்டர் வண்டி நெறைய," என்றேன்.

"எங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு."

மகள் சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நாள் இருப்பீங்க?" அந்தப் பெரியவர் கேட்டார்.

"சாகுற வரைக்கும்," என்றார் கோய்கோ.

"எல்லாரும் அதத்தான் சொன்னாங்க."

ரொட்டி எடுக்க அடுப்படிக்குப் போனேன். ஒரு நிமிடம்தான். திரும்பும்போது 5.10.

கோய்கோ மேசையில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

மூன்று கரண்டிகள். கோதுமை அப்படியே.

மூன்று நாற்காலிகள்...

காலி.

மறுநாள் காலை பிரோஷ்கா அக்காவிடம் சொன்னோம். அவள் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

"வீட்டக் கட்டினவங்க. நாப்பத்தஞ்சுல முகாமுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அந்தக் குளிர்காலமே மூணு பேரும் பட்டினியில செத்துப் போயிட்டாங்க. நான் அப்ப சின்னப் பொண்ணு."

"எனக்கு இன்னொரு வீடு தேடத் தெம்பில்ல," என்றார் கோய்கோ. "வருஷா வருஷம் வரட்டும். ஒரு வாய் கோதுமைதானே."

"வருஷா வருஷம் வரமாட்டாங்க, கோய்கோ." அக்கா எங்கள் ஜன்னலைப் பார்த்தாள். "குடிவர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரே தரம்தான். வந்தத எல்லாரும் பாத்திருக்காங்க. வெளிய போனத... இந்த அம்பத்தாறு வருஷத்துல ஒருத்தரும் பாத்ததில்ல."