விளக்கி வைத்த தண்ணீர் பாட்டில்

யாராவது வீட்டுக்கு வந்து, அலமாரி மேல் இருக்கும் ராணுவத் தண்ணீர் பாட்டிலைக் காட்டி, "சண்டையில எதிரிகிட்டேருந்து எடுத்ததா சார்?" என்று கேட்டுவிட்டால் போதும். அப்பா எழுந்து, மோட்டாரை நிறுத்தினோமா என்று பார்க்கப் போய்விடுவார். மோட்டாரே இல்லாத வாடகை வீட்டில் இருந்தபோதும் போனார். "பதில் கிணத்துல விழுந்துடுச்சு, எடுக்கப் போயிருக்காரு" என்று அம்மா வந்தவர்களைச் சமாளிப்பாள்.

அப்பா ராணுவத்தில் லாரி ஓட்டியவர். ஓய்வு பெற்று வந்த பிறகு பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். ஹாரன் அடிக்கவே மாட்டார். பஸ் வந்தது தெரியாமல் பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட, இவர் திட்டு வாங்குவார். அந்தச் சம்பளத்தில் மகளைப் பட்டம் வாங்க வைத்தார். குடும்பத்தில் அவள்தான் முதல் பட்டதாரி. ஊரில் எல்லாரையும் கேள்வி கேட்டவள், பாட்டிலைப் பற்றி அப்பாவிடம் மட்டும் கேட்டதில்லை.

அப்பா இறந்த பிறகு, அம்மா மகளோடு வந்துவிடுவது என்று முடிவாயிற்று. வீட்டைக் காலி செய்ய வேண்டும். பழைய ராணுவச் சாமான் வாங்கும் வியாபாரி ஒருவரை அவள் தம்பி வரச் சொன்னான்.

"விலை பேச வர்றவர் முன்னாடி அழுக்கோட வைக்காதம்மா" என்று மகள்தான் சொன்னாள். அம்மா மெடல்களையும் மடக்குக் கத்தியையும் விளக்கினாள். பாட்டிலின் காக்கித் துணி உறையைப் பிரித்தெடுத்து, சாம்பலும் நாரும் போட்டுக் கை வலிக்கத் தேய்த்தாள்.

வியாபாரி பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கீங்க! எங்க தொழில்ல அழுக்குக்குத்தாம்மா விலை."

"பளபளன்னு இருந்தாத்தானே சார் விக்கும்?" என்றான் தம்பி.

"அது பாத்திரக்கடையில, தம்பி."

மெடல்களின் விளிம்பில் அப்பாவின் பெயர் ஆழமாகப் பதிந்திருந்ததால் அவை தப்பித்தன. கத்தியும் தேறியது. பாட்டிலை வியாபாரி ஜன்னல் பக்கம் கொண்டுபோய், பூதக்கண்ணாடி வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இங்க ஆணியால எழுதியிருக்கான். சிப்பாய்ங்க பேரும் ஊரும் இப்படித்தான் கீறி வெச்சுப்பாங்க. எழுத்து எல்லைக்கு அந்தப் பக்கத்து எழுத்து. தேஞ்சு போச்சு, கடைசியில ரெண்டுதான் மிச்சம். பேர் இருந்தா அவங்க வீட்டையே கண்டுபிடிக்கலாம்மா. இப்ப இது வெறும் பாட்டில்."

"எழுத்தா அது?" என்றாள் அம்மா. "நான் கீறல்னு நெனச்சேனே." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா?" என்றாள் மகள்.

"உங்கப்பா யாருகிட்டேருந்தும் பறிக்கலடி. சண்டையில கால்ல அடிபட்டுப் பள்ளத்துல கிடந்தாரு. எதிரிப் பக்கத்துச் சிப்பாய்ப் பையன் ஒருத்தனும் அதே பள்ளத்துல, வயித்துல காயத்தோட. அவன்தான் இந்தப் பாட்டில்லேருந்து தண்ணி குடிக்கக் குடுத்தான். அரைகுறையாப் பேசிக்கிட்டாங்களாம். 'இதை எங்கம்மாகிட்ட சேத்துடு'ன்னானாம். இவரு சரின்னு கையடிச்சுக் குடுத்திருக்காரு. ஆள் வந்து தூக்கறதுக்குள்ள அவன் போயிட்டான்."

"அப்புறம் ஏன் சேக்கல?"

"எதிரி வீட்டுக்கு ஏன்டா அனுப்புறேன்னு கேப்பாங்கன்னு பயம். அப்புறம் பஸ்ஸு, நீங்க, உன் படிப்பு. பேரும் ஊரும் அவரு மனசுல இருக்குன்னு நெனச்சேன். உறைக்குள்ள இருந்தது எனக்கு எப்படித் தெரியும்?"

மகளால் அம்மாவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அழுக்கோட வைக்காதே என்றது யார்?

தம்பி மெதுவாகச் சொன்னான்: "வந்த விலைக்குக் குடுத்துடலாம்க்கா. இனிமே யாருன்னு தேடறது?"

"மத்ததை எடுத்துட்டுப் போகட்டும்" என்று மகள் பாட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு வியாபாரியிடம், "அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்களா சார்?" என்று கேட்டாள்.

"இருக்காங்க. ரெண்டு எழுத்தைச் சொன்னா சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கட்டும். கேட்டுப் பாருங்க."

அவர் போனில் அந்த இரண்டு எழுத்தையும் படம் பிடித்துக்கொண்டு போனார். இதுவரை பதில் வரவில்லை. அந்தத் தாய் உயிரோடு இருக்கிறாளா என்றுகூடத் தெரியாது. அப்பா கையடித்துக் கொடுத்த வாக்கு மட்டும் இன்னும் தீராமல் கிடக்கிறது.