லொறிக்கு இடப்பக்கம்

பிரசவத்தில் இரத்தம் நிற்காத என் மனைவியை வாடகைக் காரில் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போய்க்கொண்டிருந்தேன். கோப்பாய்ச் சந்தியில், முன்னால் போன லொறிக்காரர் இடப்பக்கம் திரும்பப்போவதாகக் கையைச் சுழற்றிக் காட்டிவிட்டு, வளைத்துத் திருப்புவதற்காக வலப்பக்கம் ஒதுங்கினார். இடப்பக்கம், லொறிக்கும் தெருவோர மதிலுக்கும் நடுவில் இடைவெளி விழுந்தது.

"அண்ணை, உதுக்குள்ளாலை விடுங்கோ! இவள் செத்துப்போடுவாள்!" என்று கத்தினேன்.

"ஏலாது தம்பி. உவன் திரும்பினால் எங்களை மதிலோடை நெரிச்சுப்போடுவான்," என்று சாரதி பிரேக்கை மிதித்தார்.

அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். வாயில் வந்தபடி திட்டினேன். அவர் அசையவில்லை. மறுகணமே லொறியின் பின்பக்கம் மதிலை உரசிக்கொண்டு திரும்பியது. இடைவெளியே இல்லாமல் போயிற்று.

ஆஸ்பத்திரியில் இரத்தம் கேட்டார்கள். நான் திட்டிய அதே மனிதர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

குழந்தை தங்கவில்லை, மனைவி பிழைத்தாள். சந்தியில் அவர் என் சொல்லைக் கேட்டிருந்தால், அவளை நானே கொன்றிருப்பேன்.